ஒரு கட்டை ஊமை, ஒரு கட்டை வாயாடி

கடன் வாங்கிப் புதுக் கீபோர்டே எடுத்துடு பேராண்டி, நான் குறுக்கே நிக்க மாட்டேன். நடுக்கட்டை ஒண்ணு ஊமையாப் போச்சு, அதுக்கு ரெண்டு கட்டை தள்ளி ஒண்ணு தொட்டாலே அலறுது. இதுக்கு மேலே அந்தப் பொட்டியிலே இன்னா மானம் மிச்சம் இருக்குது? அதைப் பரண்மேலே ஏத்திட்டு, அதைவிட நீளமா ஒண்ணைத் தவணையிலே கொண்டாந்து வை. தவணை கட்டுறதுக்காகவாவது மாடம்பாக்கத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவுலே ஒரு கல்யாண மண்டபம் பாக்கி வுடாம வாசிப்பே. கையும் பழகும். ராத்திரியிலே உன் மொகத்தைப் பாக்காம உங்கப்பனுக்கு ரத்தக் கொதிப்பும் எறங்கும்.

அவ்வளவு அவசரம் இல்லேன்னா கொஞ்சம் குந்து. நான் முடிச்சூர்க்காரன். வயசுக் காலத்துலே தெருக்கூத்துக்குப் பொட்டி வாசிச்சவன். எங்களுக்குப் பொட்டின்னா ஆர்மோனியம். பாரதக் கூத்துலே அர்ச்சுனன் தபசு மரம் ஏறிக்கிட்டு இருக்கான், ஊரே அண்ணாந்து பாக்குது, அந்த நேரம் பார்த்து ரீடு நடுவுலே தூசி மாட்டி ஒரு கட்டை வாயை மூடிக்கும். புதுசு எடுக்கக் கடைக்கா ஓட முடியும்? அர்ச்சுனன் மேலே ஒரு விருத்தத்தை இழுக்கச் சொல்லிட்டு, பலகையைத் தொறந்து, சிகரெட்டு அட்டைக் காயிதத்தை ரீடுக்கு அடியிலே நுழைச்சு ஒரு இழுப்பு. பேசிடும். அதுக்கப்புறம் மெல்லிசைக் குழுப் பசங்க பிளாஸ்டிக் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வர ஆரம்பிச்சானுங்க. தொறந்து பாத்தேன். உள்ளே ஆயிரம் சமாச்சாரம் இருந்தாலும் கட்டைக்கு வர்ற வியாதி பழைய வியாதிதான். அழுக்கு, ஈரம், அப்புறம் வாசிக்கிறவன் திமிரு.

எங்க பொட்டிக்கும் ஒரு மானக்கேடு உண்டு, மறைக்க மாட்டேன். கமகம் பேசாதுன்னு சொல்லி 1940-லே ஆல் இந்தியா ரேடியோ ஆர்மோனியத்தை வெளியே தள்ளிடுச்சு. 1971 வரைக்கும் உள்ளே வுடலே, அப்புறமும் பாதிக் கதவைத்தான் தொறந்தாங்க. உன் பொட்டியிலே இடது கைப்பக்கம் ஒரு சக்கரமோ குச்சியோ இருக்குதே, அதை வெச்சு அந்தக் குறையைத் தாண்டி, கீபோர்டு சத்யா கர்நாடக சங்கீதத்தையே வாசிச்சுக் காட்டிட்டார். நீ அதை எதுக்கு வெச்சிருக்கே? மைக் ஒயரைத் தொங்கவுட.

சரி, உன் பொட்டி பெரிய வூட்டுப் பொட்டிதான், ஒத்துக்கறேன். கோர்க் எம்1 1988-லே வந்துச்சு. நூறு விதச் சத்தம், டிரம், எதிரொலி, வாசிச்சதைப் பதிஞ்சு வெக்கிற சீக்வென்சர், எல்லாத்தையும் ஒரே பொட்டிக்குள்ளே அடைச்சுக் குடுத்தான். வொர்க்ஸ்டேஷன்கிற பேரு ஊர் ஊராப் பரவினது அதாலேதான். 1999-லே ட்ரைட்டன், 2001-லே யமஹா மோட்டிஃப். இங்கே கோடம்பாக்கத்துலே அதுக்கும் முன்னாடியே, 1986-லே புன்னகை மன்னனுக்கு இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டாந்து வெச்சார். 1992-லே ரோஜா வந்துச்சு, அப்புறம் கீபோர்டு இல்லாத கச்சேரியைக் கச்சேரின்னே எவனும் மதிக்கலே. இத்தனை பெருமையும் எது மேலே நிக்குதுன்னு நெனைக்கிறே? ஒவ்வொரு கட்டைக்கும் அடியிலே சுண்டுவெரல் நகம் அளவுலே குந்திக்கிட்டு இருக்குற ரப்பர் மேலே. மூளைக்கு ஆயிரம் சத்தம் தெரியும், ரப்பர் போய்ச் சொன்னாத்தானே அது வாயைத் தொறக்கும்? உள்ளே மூளை கெடுறது அபூர்வம். நீ ரப்பருக்கு வந்த நோய்க்கு மூளையை மாத்தப் பாக்குறே. தாராளமா மாத்து, கடைக்காரனும் புள்ளகுட்டிக்காரன்தான்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு உங்க மாஸ்டர் சொல்லியிருப்பார். நான் ஆடத் தெரியாதவளையும் பாத்திருக்கேன், நெசமாவே கோணலாக் கட்டின கூடத்தையும் பாத்திருக்கேன். உன் கேசுலே ரெண்டும் இருக்குது. கூடத்தை நிமித்தறது எப்படின்னு சொல்றேன், ஆட்டத்துக்கு வேற ஆளைப் பாரு.

மொதல்லே அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வை. சேலையூர்ப் பக்கத்துலேர்ந்து ஒரு பையன் வந்தான், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வாசிக்கிறவன். ஒரு கட்டைகூடப் பேசலே தாத்தான்னு கண்ணுலே தண்ணி. வர்ற வழியிலேயே ரெண்டு கடையிலே காட்டி, ரெண்டு பேரும் போர்டு போச்சுன்னு சொல்லி அனுப்பியிருக்கானுங்க. கேட்டா, மொத நாள் லேப்டாப்போட மாட்டிப் பாட்டுப் பதிஞ்சானாம். லோக்கல் கன்ட்ரோல் ஆஃப்லே கிடக்குது! கட்டைக்கும் உள்ளே இருக்குற சத்தத்துக்கும் நடுவுலே கதவை அவனே சாத்திட்டு, அவனே ஒப்பாரி வெக்கிறான். ஆன் பண்ணேன், ஊரே அதிர்ந்துச்சு. அவன் குடுத்த பிரியாணி மட்டும் நல்லா இருந்துச்சு.

அதனாலே செட்டிங்கைப் பாரு. கட்டையை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்குச் சத்தமே வெக்காம வுட்டிருப்பே. வெலாசிட்டி கர்வை எவனோ நோண்டி, மெல்லத் தொட்டாலும் குத்தினாலும் ஒரே சத்தம் வர்ற மாதிரி வெச்சிருப்பான். உனக்குப் பிடிச்ச அந்த ஒரே சத்தத்தை வுட்டுட்டு வேற நாலு சத்தத்துலே அதே கட்டையை அமுக்கிப் பாரு. எல்லாத்துலேயும் ஊமைன்னா கட்டை மேலே சந்தேகப்படு, ஒண்ணுலே மட்டும் ஊமைன்னா உன் மேலே சந்தேகப்படு. ஃபேக்டரி ரீசெட் பண்றதுக்கு முன்னாடி உன் சத்தமெல்லாத்தையும் பென்டிரைவ்லே ஏத்திக்க. ஏத்தாம ரீசெட் பண்ணினவங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்களைப் பத்திப் பேச வேணாம், பாவம்.

லேப்டாப் இருக்குதே, சினிமா பாக்க மட்டுமா வாங்கினே? பொட்டியை அதுலே மாட்டி, கட்டையை அமுக்கினா என்ன நம்பர் வருதுன்னு காட்டுற மிடி மானிட்டர் ஒண்ணு எறக்கிக்க, காசில்லாமலே கிடைக்கும். 1983-லேர்ந்து உலகத்துப் பொட்டியெல்லாம் பேசுற பாஷை மிடி. அதுலே நீ அமுக்குற வேகம் 1-லேர்ந்து 127-க்குள்ளே ஒரு நம்பரா வரும். மெல்லத் தொட்டா இருபது முப்பது, குத்தினா நூத்துக்கு மேலே. எப்படித் தொட்டாலும் 127-ன்னு நிக்கிற கட்டைதான் உன் வாயாடி. நம்பரே வராதது ஊமை. ஒரு தடவை தொட்டா ரெண்டு தடவை வர்றது திக்குவாய். நம்பர் சரியா வந்து காதுக்கு மட்டும் கோளாறுன்னா, கட்டையைக் கும்பிட்டுட்டு ஸ்பீக்கர் ஒயரைப் பாரு.

வாயாடி ஏன் வாயாடுதுன்னு கேக்குறியா? கேட்டுக்க, இதுதான் மொத்த வித்தையும். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலேயும் ரப்பர் குமிழுக்குள்ளே ரெண்டு கருப்பு கார்பன் பொட்டு இருக்கும். கட்டையை அமுக்கினா ஒரு பொட்டு மொதல்லே போர்டைத் தொடும், இன்னொண்ணு ஒரு இமைப்பொழுது கழிச்சுத் தொடும். ஜி.எஸ்.டி. ரோட்டுலே ரெண்டு கம்பத்துக்கு நடுவுலே வண்டி எத்தனை நேரத்துலே கடந்துச்சுன்னு பாத்து போலீஸ்காரன் வேகத்தைச் சொல்ற மாதிரி, இந்த ரெண்டு தொடுப்புக்கும் நடுவுலே இருக்குற நேரத்தை வெச்சுத்தான் நீ அமுக்கினியா குத்தினியான்னு பொட்டி முடிவு பண்ணுது. நடுவுலே நேரம் கம்மின்னா குத்து. ரெண்டாவது பொட்டுலே அழுக்குன்னா கணக்கு முடியவே முடியாது, கட்டை ஊமை. மொதப் பொட்டு தொடாம ரெண்டாவது மட்டும் தொட்டா பல பொட்டி குழம்பிப்போய், நேரமே ஆவலேன்னு எழுதிக்கிட்டு முழு வேகம் வெச்சு அலறும். சில பொட்டி அப்பவும் ஊமையாவே இருந்துடும். அதது வளர்ப்பு. ஆக ஊமையும் வாயாடியும் ஒரே அழுக்குக்குப் பொறந்தவங்கதான்.

நல்ல பியானோ மாதிரிக் கனமாச் செஞ்ச கட்டைகள்லே மூணாவது தொடுப்பும் உண்டு, கட்டை முழுசா மேலே வர்றதுக்குள்ளே திரும்ப அமுக்கினாலும் கண்டுபிடிக்க. நம்ம சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019-லே அமெரிக்காவுக்குப் போய் பியானோவைப் பொரிச்சு எடுத்து, பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கிட்டு வந்தானே, அந்த மாதிரி கைக்கு அது வேணும். நீ கல்யாணத்துலே வாசிக்கிற வேகத்துக்கு ரெண்டே தாராளம்.

இப்போ கணக்கு. உன் பொட்டியிலே 61 கட்டை, கட்டைக்கு ரெண்டுன்னா 122 தொடுப்பு. அத்தனைக்கும் தனித்தனி ஒயர் இழுக்க முடியுமா? எட்டெட்டாக் கட்டி, குறுக்கும் நெடுக்குமா வரிசை போட்டு, ஒவ்வொரு தொடுப்புக்கும் அரிசி அளவுலே ஒரு டையோடு வெச்சிருப்பான். ஒரு கட்டை மட்டும் கெட்டா ரப்பர், அழுக்கு, இல்லேன்னா அந்த டையோடு. எட்டுக் கட்டை ஒண்ணா செத்தாலோ, எட்டுக்கு ஒண்ணு செத்தாலோ, நீ எட்டு ரப்பரையும் தேச்சுக்கிட்டு ராத்திரி முழுக்கக் குந்திக்கிட்டு இருப்பேன்னு எனக்குத் தெரியும். தேய்க்காதே. அது ஒரே வரிசையோட சாவு. ரிப்பன் கேபிள் கழண்டிருக்கும், இல்லேன்னா போர்டுலே தடம் அறுந்திருக்கும். குட்டி யானையிலே பொட்டியைப் படுக்கப் போட்டு, மேலே ஸ்பீக்கரை வெச்சு, முடிச்சூர் ரோட்டு வேகத்தடை ஒண்ணொண்ணா ஏத்தி எறக்கினா கேபிள் கழளாம பூ மாலையா பூக்கும்?

மேலே வழிஞ்சதைக் கீழே தேடுற புத்தி இந்த ஊருக்கே உண்டு. 2015 டிசம்பர் ஒண்ணாந்தேதி ராத்திரி ஞாபகம் இருக்குதா, நீ சின்னப் பையன். மறுநாள் காலையிலே கணக்கு எடுத்தப்போ தாம்பரத்துலே ஒரே நாள்லே 49 செ.மீ. மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகிக் கிடக்குது, டீவியிலே பேசுறவன் எல்லாம் செம்பரம்பாக்கம் செம்பரம்பாக்கம்னு கத்துறான். செம்பரம்பாக்கத்துத் தண்ணி திருநீர்மலைப் பக்கத்துலேதான் அடையாத்துலே வந்து சேருது. அது எங்களுக்கும் கீழே. எங்க வூட்டுக்குள்ளே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரித் தண்ணி. மொட்டை மாடியிலே குந்திக்கிட்டு இதை நான் விளக்கினேன், எவன் கேட்டான்? படகுலே வந்தவன்கூட, பெருசு, மொதல்லே ஏறுன்னான்.

அந்த வெள்ளத்துலே குளிச்ச கீபோர்டுங்க எத்தனையோ வந்துச்சு. காயவெச்சோம் தாத்தா, வேலை செய்யுதான்னு ஆன் பண்ணிப் பாத்தோம், அப்புறம்தான் பொகை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. ஆன் பண்ணிப் பாத்தோம்கிற அந்த ஒரு வார்த்தையிலேதான் போர்டு எரிஞ்சிருக்கும். நனைஞ்ச பொட்டிக்குக் கரண்டே காட்டாம, கழட்டி, சேத்தைக் கழுவி, நல்லா உலர வெச்சவன் பொழைச்சான். உப்புக் காத்தும் அப்படித்தான், மெதுவா வேலை காட்டும். நீலாங்கரைப் பக்கம் இருக்குற பொட்டியைத் தொறந்தா ஸ்பிரிங்கு சிவந்துபோய்க் கிடக்கும்.

இனி தொறக்கலாம். பிளக்கைப் புடுங்கு. ஆஃப் பண்ணிட்டேன் தாத்தான்னு சொல்லாதே, புடுங்கு. பழைய கம்பளியை விரிச்சுப் பொட்டியைக் கவுத்துப் போடு. ரெண்டு கோடியிலேயும் மடிச்ச போர்வையை வெச்சுத் தூக்கி நிறுத்து, இல்லேன்னா ஜாய்ஸ்டிக்கு நசுங்கி, கட்டை ரிப்பேரு போய் ஜாய்ஸ்டிக்கு ரிப்பேராயிடும். அடியிலே இருக்குற ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம்னு நெனைச்சு ஒரே கிண்ணத்துலே போடு. போடு, போட்டுத்தான் பாரேன். மூடுறப்போ நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ எடத்துலே முறுக்கி, முன்பக்கம் ஒரு கூர் மொளைச்சு வரும். கூச்சமா இருந்தாலும் உங்கம்மா கிட்டே ஒரு இட்லித் தட்டு கேளு. குழிக்குக் குழி ஸ்க்ரூவைப் போட்டு, எந்த மூலையிலேர்ந்து வந்துச்சுன்னு சீட்டு எழுதி வை. ஒவ்வொரு கட்டத்துலேயும் போன்லே ஒரு போட்டோ எடு. சாப்பிடுற தோசையையே எடுக்குறவன், இதை எடுக்க மாட்டியா?

ரிப்பன் கேபிளைப் பாத்த உடனே இழுக்காதே. சிலதுக்கு ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும், நகத்தாலே நெம்பித் தூக்கினா கேபிள் தானா வரும். தாழ்ப்பாளோட பிய்ச்சவன் அப்புறம் கடைசி வரைக்கும் அதுலே டேப் ஒட்டிக்கிட்டே குந்தணும். கட்டைச் சட்டத்தை மொத்தமா வெளியே எடுத்து, கட்டையை ஒண்ணொண்ணா கழட்டு. பல பொட்டியிலே வெள்ளையை எடுக்காம கருப்பு வராது, பின்பக்கம் தள்ளித் தூக்கணும். வரலேன்னா பலத்தைக் காட்டாதே, கண்ணைக் காட்டு, எங்கேயாவது ஒரு கொக்கி புடிச்சிருக்கும். ஸ்பிரிங்கு தெறிச்சுப் பீரோவுக்கு அடியிலே போனா, அன்னிக்குத்தான் உங்கம்மா வூடு பெருக்கியிருப்பா, திட்டு வாங்கிக்க.

உள்ளே இன்னா இருக்கும்? அதைச் சொல்லக் கூடாது, பாக்கணும். மண்டபத்துப் பொகை மிஷின் ஒட்டிவெச்ச பிசுபிசுப்பு, ரிசப்ஷன்லே அடிக்கிற நுரை ஸ்ப்ரே, பாதாம் பால், ஜரிகை, மூக்குத்தித் திருகு, அரிசி. ஆடி மாசம் கூழ் வார்த்த எடத்துலே வாசிச்ச பொட்டின்னா குங்குமமும் கூட. எறும்பு முட்டை வெச்சிருக்கும், பல்லி குடும்பம் நடத்தியிருக்கும். மெதுவா எழும்பி வர்ற கட்டைக்கெல்லாம் பாதி நேரம் வைத்தியம் இதுதான்: சக்கரைத் தண்ணி காஞ்சு ஒட்டியிருக்கும், இல்லேன்னா கட்டை உரசுற எடத்து கிரீஸ் கெட்டியாயிருக்கும். பழசைத் தொடச்சுட்டு, பிளாஸ்டிக்குக்கு ஆவுற சிலிக்கான் கிரீஸைத் துளி வை. வண்டிச் செயினுக்குப் போடுறதை வெக்காதே. கட்டை டக்கு டக்குன்னு மரத்தட்டுச் சத்தம் போட்டா, அடியிலே மெத்தைக்கு வெச்ச கம்பளிப் பட்டை தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அதே கனத்துலே வாங்கி ஒட்டு. கனம் கூடினா கட்டையோட ஆழம் கொறைஞ்சு, வேகக் கணக்கே மாறிடும்.

ரப்பர் பட்டையை எடு. அதுக்குச் சின்னச் சின்ன வால் இருக்கும், போர்டு ஓட்டையிலே சொருகியிருப்பான். பக்கத்துலே புடிச்சு மெல்ல உருவு. போர்டுலே கருப்பாத் தெரியுற தடத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸாலே தடவி எடு. தாம்பரத்துலே செல்போன் ரிப்பேர்க்காரன் எவனைக் கேட்டாலும் ஐ.பி.ஏ.ன்னு ஒரு டப்பாவைக் காட்டுவான், அதேதான். தண்ணி கலக்காதது நல்லது. ரப்பரிலே இருக்குற கார்பன் பொட்டை நூல் உதிராத துணியாலே பூப்போல ஒத்து. தேய்க்காதே, பொட்டு அழியும். போர்டு உலர்ந்தப்புறம் பட்டையை வெச்சு, வாலைக் கூரு இல்லாத குச்சியாலே அமுக்கி உள்ளே சொருகு. ஊசியாலே குத்தினா வால் அறுந்து, ரப்பர் ஒரு பக்கம் தூக்கிக்கும், வாயாடி நாலா பெருகும்.

உன்னாலே இவ்வளவு பொறுமையா இருக்க முடியாதுன்னா ஊர்லே வேற வைத்தியமும் உண்டு. தேங்காயெண்ணெய் வுடு. கட்டை வழுவழுன்னு போவும், ஒரு வாரத்துலே தாம்பரத்துத் தூசி மொத்தமும் அதுலே வந்து குடியேறும். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயைப் பீச்சு, எண்ணெய்ப் படலம் நின்னு இருக்குற தொடுப்பும் போவும். கொரோனாவுலே மிஞ்சின சானிடைசரைத் தடவு, அதுலே கிளிசரின் இருக்கும், ஒட்டிக்கிட்டு ஜம்முன்னு நிக்கும். தின்னர் வெச்சுத் தொடைச்சா கட்டையே உருகிச் சாயம் போயிடும், அழுக்கும் போயிடும், எல்லாமே போயிடும். உப்புத்தாளாலே கார்பனைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கினவனையும் நான் பாத்திருக்கேன். பளபளன்னுதான் இருந்துச்சு, கரண்டு மட்டும் போவலே. இதையெல்லாம் செஞ்சுட்டு, கடைசியா வாயாலே ஊதிப் பாரு, எச்சிலும் போய்ச் சேரட்டும்.

தொடைச்சும் ஊமை ஊமையாவே இருந்தா கார்பன் தேஞ்சிருக்கும். ரப்பர் மாத்தணும். அதுக்கும் ஒரு திருட்டு வழி வெச்சிருக்கேன். பல பொட்டியிலே பன்னெண்டு கட்டைக்கு ஒரு பட்டைன்னு வெட்டி வெச்சிருப்பான். நடுப் பட்டை தேயுறது, உன் மொத்தத் திறமையும் அங்கேயே சுத்துறதாலே. கீழ்க்கோடிப் பட்டையைக் கழட்டி நடுவுலே போடு, நடுவுலே இருந்ததைக் கீழே தள்ளு. எந்தக் கல்யாணத்துலேயும் அந்தக் கீழ்க்கோடி ஆக்டேவை நீ தொட்டதே இல்லே, பொண்ணு வூட்டுக்காரன் கண்டுபிடிக்கப் போறானா? மேல்கோடியைத் தொடாதே, 61-ஆவது கட்டைக்காக அங்கே பட்டை நீளமா இருக்கலாம். புதுப் பட்டைதான் வேணும்னா கடற்கரை வண்டியைப் புடிச்சு பார்க் ஸ்டேஷன்லே எறங்கி, ரிச்சி தெருவுக்கு நட. கையிலே பழைய பட்டை இருக்கணும். மாடல் பேரை மட்டும் சொன்னா, இதுதாண்ணா அதுன்னு எதையாவது கட்டிவுடுவான். இல்லேன்னா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வா. அங்கே செத்த கீபோர்டு மண்ணிலே கிடக்கும். உன் மாடலாவே ஒண்ணு கண்ணுலே பட்டா, பக்கத்துலே இருக்குற புறாக்கூண்டை வெலை கேட்டுக்கிட்டே நில்லு. கீபோர்டைப் பாத்து மொகம் மலர்ந்தே, வெலை ரெண்டு பங்காயிடும்.

கம்பெனிக்காரனே வெச்ச வெடியும் உண்டு. ரோலண்டோட ஜே.டி.-800, 1991-லே வந்த பொட்டி. கட்டைக்குக் கனம் கூட்டறதுக்காக அடியிலே உலோகத் துண்டைச் சிவப்புப் பசை வெச்சு ஒட்டினான். வருஷம் ஓட ஓட அந்தப் பசை இளகி, சொட்டுச் சொட்டா எறங்கி, ரப்பர் மேலேயும் போர்டு மேலேயும் ஒழுகிடுச்சு. உலகம் பூரா அதை வெச்சிருக்கிறவங்க கட்டையைக் கழட்டிக் காஸ்டிக் சோடாக் கரைசல்லே ஊறவெச்சுப் பசையைக் கரைக்கிறாங்க. கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாம அதுலே எறங்காதே, தோலும் கரையும். சூடு பட்டா பசை இன்னும் சீக்கிரம் இளகும்னு சொல்றாங்க. சித்திரை வெயில்லே வெளியே நிறுத்தின கார் டிக்கியிலே பொட்டியை வெச்சுட்டு உள்ளே ரெண்டாம் பந்திக்கு எடம் புடிக்கிறியே, அதுக்காகச் சொன்னேன்.

அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பொட்டியை ஏன் காப்பாத்தணும்னு கேட்டா, ஆர்.கே.சேகர் வூட்டைக் கேளு. 1976-லே அவர் போனப்போ பையனுக்கு ஒம்போது வயசு. அப்பா வாங்கி வெச்ச கருவிங்களை வாடகைக்கு வுட்டுத்தான் குடும்பம் நடந்துச்சு. பொட்டி பேசினாத்தானே வாடகை? அந்தப் பையன்தான் அப்புறம் ஏ.ஆர்.ரகுமான். நீ பரண்மேலே ஏத்தப் போற பொட்டியைச் சுத்தம் பண்ணி, பெருங்களத்தூர்லே எவனுக்காவது ஒரு கச்சேரிக்கு வாடகைக்கு வுட்டாகூட, தவணை இல்லாம ஒரு பொட்டி சம்பாதிக்குது.

மூடுறதுக்கு முன்னாடி, பலகையைத் தொறந்தபடியே கீழ்க்கட்டையிலேர்ந்து மேல்கட்டை வரைக்கும் ஒண்ணு வுடாம, மெல்ல ஒரு தடவை, குத்தி ஒரு தடவை, நம்பரைப் பாத்துக்கிட்டே வாசி. உள்ளே பவர் வர்ற பக்கம் மட்டும் கையைக் கொண்டு போவாதே. மூடினப்புறம் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டு. கலகலன்னு சத்தம் வந்தா ஒரு ஸ்க்ரூ உள்ளே ஊர் சுத்துது, திரும்பத் தொற. இட்லித் தட்டுலே ஒண்ணு மிஞ்சினாலும் திரும்பத் தொற. கம்பெனிக்காரன் ஒரு ஸ்க்ரூ சும்மா போட்டிருப்பான்னு நெனைக்காதே, அவன் உன்னை விடக் கஞ்சன்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. நீ சரி பண்ணிட்டேங்கிறது ரெண்டு நாள்லே தெரிஞ்சுடும். கூடுவாஞ்சேரியிலேர்ந்து குரோம்பேட்டை வரைக்கும் ஊமைக் கட்டை வெச்சிருக்கிறவன் எல்லாம் உன் வாசல்லே நிப்பான். அப்போ நீயும் பெரிய மனுஷன் கணக்கா தாடையைத் தடவிக்கிட்டு, ம்... மதர்போர்டு மாதிரி தெரியுதே, எதுக்கும் பொட்டியை வுட்டுட்டுப் போன்னு இழு. சேலையூர்ப் பையன் மாதிரி செட்டிங்கு கோளாறா இருந்தா அன்னிக்கே குடுத்துடாதே, ரெண்டு நாள் வெச்சுக்குடு, அப்பத்தான் மதிப்பு. வர்றதுலே பாதி சொல்லிக் குடுத்தவனுக்கு. ஞாயித்துக்கிழமை வந்தா பிரியாணி தனி.